ஓசி உயிர்

ஓசியில் கொடுப்பதுதான் அவள் தொழில். பெரிய பல்பொருள் அங்காடி ஒன்றில், பால் சாமான்கள் இருக்கும் குளிர்பெட்டிகளுக்கும் பிஸ்கட் அடுக்குகளுக்கும் நடுவில், மடக்கு மேசை போட்டு நிற்பாள். மேசைமேல் வெள்ளைத் தட்டு. தட்டில் வரிசையாகச் சீஸ் துண்டுகள், ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பல்குச்சி. பக்கத்தில் உப்பு பிஸ்கட். காலடியில் குச்சி போட ஒரு பிளாஸ்டிக் கூடை. கடையில் எல்லோருக்கும் அவள் சாம்பிளம்மா. அவளுக்குச் சம்பளம் தருவது கடை முதலாளி இல்லை, சீஸ் கம்பெனி. அதனால் மேனேஜர் அவளை விரட்டவும் முடியாது, அவள் மேனேஜரைச் சட்டை செய்யவும் வேண்டியதில்லை. எத்தனை பேருக்கு வாய்க்கும் இந்தக் கொடுப்பினை?

நின்று நீட்டுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் அவள் சீஸ் வெட்டுவதைப் பார்த்ததில்லை. சுண்டுவிரல் நகம் அளவு, அதற்கு மேல் போகாது. "பெருசா வெட்டினா வயிறு நிறையும், சின்னதா வெட்டினா வாங்குறவங்க கூடை நிறையும்" என்பாள். பிஸ்கட்டில் உப்பு தூக்கலாக இருப்பதும் தற்செயல் இல்லை, அடுத்த வரிசையில்தான் பழச்சாறு இருக்கிறது. வருகிறவர் வாங்குவாரா மாட்டாரா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். தின்றுகொண்டே விலையைப் படிக்கிறவர் வாங்கமாட்டார். தின்றுவிட்டு அவள் முகத்தைப் பார்க்கிறவர் வாங்குவார், ஓசியில் தின்ற கூச்சம் அவரைச் சும்மா விடாது. ஒரு மனிதர் முதல் சுற்றில் தின்றுவிட்டுப் போய், தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, வேற்று ஆள் மாதிரி மறுபடி வருவார். அவருக்கும் சிரித்த முகமாக, "வாங்க சார், புதுசா வந்திருக்கு, ருசி பாருங்க" என்று நீட்டுவாள்.

இவ்வளவு சாமர்த்தியத்துக்கும் அவள் ஓர் எல்லை வைத்திருந்தாள். தின்றவர் குச்சியைக் கூடையில் போட்டுவிட்டால் கணக்கு முடிந்தது. பின்னாலிருந்து கூப்பிடுவது, பாக்கெட்டைக் கையில் திணிப்பது எதுவும் கிடையாது. விலை பாக்கெட் மேலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. வேண்டுமென்றால் எடுப்பார், வேண்டாமென்றால் போவார். ஓசி கொடுக்கிற எல்லோரும் இந்த நியாயத்தின்படிதான் நடக்கிறார்கள் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். இந்தக் கதையில் வந்த வினையெல்லாம் அந்த நம்பிக்கையிலிருந்து வந்ததுதான்.

சாப்பாட்டு நேரத்தில் சரக்கு அறை ஓரமாகப் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து போனில் விளையாடுவாள். பூ விளையாட்டு. ஒரே நிறத்துப் பூக்கள் மூன்றை வரிசையில் சேர்த்தால் அவை உதிரும். எல்லாம் உதிர்ந்தால் அடுத்த கட்டம். தோற்றால் ஓர் உயிர் போகும். இருக்கிற உயிரெல்லாம் போய்விட்டால் அரை நாள் காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் வைரம் கொடுத்து உயிர் வாங்க வேண்டும். வைரத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டும். சாம்பிளம்மா இதுவரை ஒரு சல்லிக்காசு கொடுத்ததில்லை. "துண்டு போட்டு ஆளைப் புடிக்கிறது என் பொழப்பு. என்கிட்டயே துண்டு போடுறான் பாரு" என்று சிரிப்பாள்.

காசில்லாமல் உயிர் கிடைக்க இன்னொரு வழியும் இருந்தது. தெரிந்தவர் யாராவது அதே விளையாட்டை ஆடினால், தினம் ஒரு தடவை ஒருவருக்கொருவர் உயிர் அனுப்பலாம், இலவசமாக. சாம்பிளம்மாவுக்கு அப்படி இருந்தது ஒரே ஓர் ஆள்தான். அவள் நாத்தனார். இதில் வேடிக்கை என்னவென்றால், இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை.

நாத்தனார் என்றால் புருஷனுடைய அக்கா. ஊரின் மறுகோடியில் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே, அவள் குரலைக் கேட்டு நோயாளிகள் வாயைத் திறந்துவிடுவார்கள். ஆனால் கை தாராளம். பூ விளையாட்டைச் சாம்பிளம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தவளே அவள்தான். தான் புதுப் போன் வாங்கியபோது பழையதைத் துடைத்து, "என்னோடதெல்லாம் அழிச்சுட்டேன், நீ வெச்சுக்க" என்று கொடுத்ததும் அவள்தான். இன்றைக்கும் அந்தப் போன்தான் சாம்பிளம்மாவின் கையில்.

பிறகு சாம்பிளம்மாவும் புருஷனும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். மூன்றாவது மாடி, இரண்டு அறை. பார்க்க வந்தவர்களுக்குத் தட்டு நிறையச் சீஸும் பிஸ்கட்டும் வைத்தாள். மேசையில் பிரித்து மிச்சமான பாக்கெட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகக் கம்பெனியே அனுமதி கொடுத்திருந்தது, திருட்டொன்றும் இல்லை. நாத்தனார் ஒரு துண்டைக் கடித்துக்கொண்டே, எல்லோர் காதிலும் விழும்படி, "இதுவும் ஓசிதானா?" என்று கேட்டாள். கூடம் சிரித்தது. சாம்பிளம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "ஓசின்னு தெரிஞ்சும் நாலாவது துண்டு எடுக்குறீங்களே அண்ணி" என்றாள். கூடம் இன்னும் பலமாகச் சிரித்தது. நாத்தனார் நாலாவது துண்டைத் தட்டிலேயே வைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள். அதோடு சரி.

அன்றிலிருந்து சாம்பிளம்மா மேசையிலிருந்து ஒரு துணுக்குக்கூட வீட்டுக்குக் கொண்டு வந்ததில்லை. சீஸ் வேண்டுமென்றால் வரிசையில் நின்று முழு விலை கொடுத்து வாங்குவாள். பில் போடுகிற பெண் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வாள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்பதைக்கூட விட்டுவிட்டாள். ஓசி என்ற ஒரு சொல் அவளுக்கு அப்படி உறைத்திருந்தது. போகட்டும், சண்டை என்று வந்தால் அப்படித்தான், சொன்னவளுக்கு மறந்துபோகும், பட்டவளுக்குத் தழும்பு இருக்கும்.

இப்படியிருக்க, சண்டை நடந்து இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் போன் மினுக்கியது. உங்கள் தோழி உங்களை நினைத்து ஓர் உயிர் அனுப்பியிருக்கிறார், பதிலுக்கு நீங்களும் அனுப்புங்கள் என்றிருந்தது. சாம்பிளம்மா பல்தேய்க்கிற பிரஷை வாயில் வைத்தபடியே அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஓகோ, இறங்கி வருகிறாளா? வாயால் பேசமாட்டாள், உயிரால் பேசுகிறாள். பதிலுக்கு ஓர் உயிரை அனுப்பினாள். மறுநாள் நாத்தனாரிடமிருந்து ஒன்று வந்தது. அப்புறம் அது நிற்கவே இல்லை. காய்ச்சல் வந்து படுத்த நாளிலும் இவள் அனுப்பினாள். ஒருநாள் அங்கிருந்து வர மத்தியானம் ஆகிவிட்டால், "உங்க அக்காவுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று புருஷனிடம் யாரையோ கேட்பது மாதிரி கேட்பாள்.

புருஷன் ஏசி மெக்கானிக். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவில் மாட்டிய மனிதரின் நிலைமையை அவரே அழகாகச் சொல்வார். "ஒரு பக்கம் குளிரும், ஒரு பக்கம் கொதிக்கும். நடுவுல போற பைப்புதான் நான்." அக்காவிடமிருந்து போன் வந்தால் எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்விடுவார். குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவார். தண்ணீர் வரி ஏறியதற்கு அந்த வீட்டில் அதுதான் காரணம்.

அப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த காரியத்தில் விளையாட்டுக் கம்பெனி கையை வைத்தது. ஒரு மத்தியானம், பூக்களுக்கு நடுவிலிருந்து கலர் கலராக ஓர் அறிவிப்பு எழும்பியது. உங்கள் அனுபவத்தை மேலும் இனிமையாக்க நண்பருக்கு உயிர் அனுப்பும் வசதி இனி தங்கச் சந்தாவில் மட்டும். இனிமையாக்குகிறார்களாம். சாம்பிளம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இத்தனை வருஷம் கொடுத்துட்டு இப்ப காசு கேட்டா அது என்ன நியாயம்?" என்று சரக்கு அறையில் வைத்துக் கேட்டாள். அங்கே இறைச்சிப் பிரிவில் கறி வெட்டுகிற அண்ணன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சோழியன் குடுமி சும்மா ஆடுமா?" என்றார் அவர். "நீ மூணு வருஷம் சும்மா ஆடுனியே, அந்தச் செலவு யாரோடது? எவனோ காசு கட்டுனான், அதுல நீ ஆடுன. நான் எலும்பை ஓசியா குடுக்குறேன்னா கறி வாங்குறவன் குடுக்குற காசுலதான் குடுக்குறேன். நியாயத்தைப் பத்திப் பேச உனக்கு வாய் ஏது?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பில் போடுகிற பெண் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவள் சித்தப்பா ஒருவர் இதே மாதிரி ஒரு விளையாட்டில் சம்பளத்தைக் கரைத்தவர். "கறி வாங்குறவரு தேவைக்குத்தான் அண்ணே வாங்குறாரு. அங்க காசு கட்டுறது வசதி இருக்குறவங்க இல்ல, நிறுத்த முடியாதவங்க. எங்க சித்தப்பா என்ன பணக்காரரா? அந்த மாதிரி நாலு பேர் அழுத காசுல மத்தவங்க எல்லாம் பூப்பறிக்கிறாங்க."

கறி அண்ணன் தேநீரைக் கீழே வைத்துவிட்டார். சாம்பிளம்மாவுக்கும் அது சுருக்கென்றது. சித்தப்பா மாதிரி ஆட்கள் அவள் மேசைக்கும் வருவார்கள், வந்தால் அவளே போதும் சார் என்று சொல்லிவிடுவாள். விளையாட்டுக்கு அப்படிச் சொல்ல ஒரு வாய் இல்லையே. "என் பாக்கெட்ல விலை ஒட்டியிருக்கு" என்றாள் கடைசியில். "அவன் காசை வைரமாக்கி, வைரத்தை உயிராக்கி, ஒரு உயிர் என்ன விலைன்னு நான் கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். அதான் தப்பு."

தப்போ சரியோ, அன்றைக்கு நாத்தனாருக்கு உயிர் போகவில்லை. அங்கிருந்தும் வரவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாள் சாம்பிளம்மா தட்டில் சீஸை வைத்துவிட்டுக் குச்சி குத்த மறந்துபோனாள். மனசு என்னவோ மாதிரி இருந்தது. மூன்று வருஷமாக அவர்களுக்குள் மிச்சமிருந்தது அந்த ஒரு சின்ன இழைதான். அதையும் அறுத்துவிட்டான் படுபாவி. தானாகப் போன் போட்டுப் பேசலாம்தான், ஆனால் ஓசி என்று சொன்னவள் முதலில் பேசட்டும் என்றது மனசு. இப்படித்தான் கௌரவம் என்கிற பெயரில் மனிதர்கள் பட்டினி கிடக்கிறார்கள்.

நாலாம் நாள் விளையாட்டு ஒரு தூண்டில் போட்டது. தங்கச் சந்தா, ஒரு வாரம் முற்றிலும் இலவசம், தினமும் நண்பருக்கு ஐந்து உயிர் அனுப்பலாம். சாம்பிளம்மா சிரித்தாள். இது அவளுக்குத் தெரிந்த பாஷை. சுண்டுவிரல் நகம் அளவு வெட்டிக் குச்சி குத்தி நீட்டுகிறான். தின்றுவிட்டுக் குச்சியைப் போட்டுவிட்டுப் போகவேண்டியதுதானே? ஒரே ஒரு தொடுதல், சந்தா வந்துவிட்டது. அந்தப் பக்கத்தின் மேல் மூலையில் சின்ன வட்டத்துக்குள் ஒரு வாத்துப் படம் எப்போதும்போல் இருந்தது. போனில் விளையாட்டுகளை இறக்கும் இடத்தில் எல்லாம் அந்த வாத்து இருக்கும். அது அந்தக் கம்பெனியின் முத்திரை என்று அவள் வெகுநாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே நாத்தனாருக்கு ஐந்து உயிர் போனது. வாரம் முடிந்தது. சாம்பிளம்மா வாங்குகிற பொத்தான் எதையும் அமுக்கவில்லை. ருசி பார்த்தாயிற்று, வாங்கவில்லை, முடிந்தது. ஆனால் அதற்கு அடுத்த நாளும் உயிர் போனது. அடுத்த வாரமும் போனது. சரி, மறந்துவிட்டான்போல என்று விட்டுவிட்டாள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? ஒரு மாசம் இப்படிப் போனதும் சரக்கு அறையில் பெருமை பேசினாள். "பெரிய கம்பெனியாம். நிறுத்தவே மறந்துட்டான். என் மேசையில இப்படி நடக்குமா?"

"அவன் மறக்கமாட்டான், நீதான் எதையோ மறந்திருக்க" என்றார் கறி அண்ணன்.

பில் போடுகிற பெண் போனை வாங்கிப் பார்த்தாள். எங்கெங்கோ தட்டினாள். அவள் முகம் மாறியது. "சாம்பிளம்மா, இது ஓசி இல்ல. முதல் வாரம்தான் ஓசி. நீங்களா நிறுத்தலன்னா அவனா காசு எடுத்துக்குவான். வாராவாரம் எடுத்திருக்கான்."

"எங்கிருந்து எடுப்பான்? என் கார்டை நான் இதுல போட்டதே இல்லையே."

"உங்க கார்டு இல்ல. இந்தப் போன்ல இருக்குற கணக்கு வேற யாரோடதோ, அவங்க கார்டுலேர்ந்துதான் போகுது. இங்க பாருங்க, வாத்துப் படம். இது யாரு?"

"அது கம்பெனி வாத்து" என்றாள் சாம்பிளம்மா. சொல்லும்போதே அவளுக்குக் குரல் இறங்கியது.

அன்று மாலை புருஷன் வேலை முடிந்து வந்து, கையில் இருந்த கிரீஸைக் கழுவக் குளியலறைக்குள் போனார். மேசைமேல் வைத்த அவர் போன் அடித்தது. வழக்கமாக அது இரண்டாவது மணிக்குள் அவரோடு உள்ளே ஓடிவிடும், இன்றைக்குக் கையில் சோப்பு. சாம்பிளம்மா எட்டிப் பார்த்தாள். திரை நிறைய மஞ்சள் வாத்து.

"யாருங்க இது?"

"அக்காதான்" என்றார் புருஷன் உள்ளேயிருந்து. "அவ ரொம்ப வருஷமா வாத்துதான் வெச்சிருக்கா. நீ பாத்ததில்லையா?"

எங்கே பார்ப்பது? மூன்று வருஷமாக வாத்து குளியலறையில் அல்லவா பேசிக்கொண்டிருந்தது. சாம்பிளம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பார்கள், கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் பிள்ளையாரின் தேங்காயையே எடுத்துப் பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறாள். நாத்தனார் காசில் உயிர் வாங்கி நாத்தனாருக்கே பரிசாக அனுப்பியிருக்கிறாள், அதுவும் ஒரு மாசமாக. ஓசி என்று ஒருத்தி சொன்னாளே, அது பொய் என்று காட்டத்தானே மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டுச் சர்க்கரையைக்கூடத் தொடாமல் இருந்தாள். இப்போது சாட்சியோடு ஓசியாகிவிட்டாள். அழுகை வந்தது, அழவும் செய்தாள்.

புருஷன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனில் பேசினார், குழாயைத் திறக்காமல். "ம்... ம்... நாளைக்கா? மத்தியானம் நிப்பா... சரிக்கா." வைத்துவிட்டு மனைவியைப் பார்த்தார். "அக்கா நாளைக்கு உன் கடைக்கு வராளாம். நீ எந்த வரிசையில நிப்பேன்னு கேட்டா."

சாம்பிளம்மா விஷயத்தை அழுகையோடு சொன்னாள். புருஷன் முழுதும் கேட்டுவிட்டு, "லீவு போட்டுடேன்" என்றார். பைப்புக்கு வேறு என்ன தோன்றும்? "லீவு போட்டா ஓசியோட திருட்டும் சேந்துக்கும்" என்றாள் அவள். ஒரு உறையில் கையிலிருந்த பணத்தைப் போட்டு மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். போதுமா போதாதா தெரியாது, வைரக் கணக்கு யாருக்குப் புரிகிறது?

மறுநாள் மத்தியானம் நாத்தனார் வந்தாள். மருத்துவமனை வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேசைக்கு முன்னால் ஐந்தாறு பேர் நின்றார்கள். நேராக வந்து கத்துவாள் என்று சாம்பிளம்மா காத்திருந்தாள். நாத்தனாரோ வரிசையின் கடைசியில் போய் நின்றாள். தொப்பி மனிதர் அவளுக்கு முன்னால், தொப்பி இல்லாமல். ஒவ்வொருவராக நகர்ந்து அவள் முறை வந்தது.

"வாங்க, புதுசா வந்திருக்கு, ருசி பாருங்க" என்று சாம்பிளம்மாவின் வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

நாத்தனார் ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். அவளைப் பார்த்தாள். குச்சியைக் கூடையில் போட்டாள். சாம்பிளம்மா உறையை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இதுல இருக்கு அண்ணி. கொறைஞ்சா சொல்லுங்க, குடுத்துடுறேன். சத்தியமா எனக்குத் தெரியாது. உங்க காசுன்னு தெரிஞ்சிருந்தா கையை வெட்டிக்கிட்டிருப்பேன்."

"கையை வெட்டிட்டா அப்புறம் சீஸை யாரு வெட்டுறது?" என்றாள் நாத்தனார்.

மூன்று வருஷத்துக்குப் பிறகு அவள் நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அது. சாம்பிளம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"முதல் தடவை காசு போனப்பவே எனக்குச் செய்தி வந்துடுச்சு" என்றாள் நாத்தனார், இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டே. "பழைய போன்ல நான்தான் கணக்கை அழிக்காம விட்டிருக்கேன்னு புரிஞ்சுது. எனக்கே உயிர் அனுப்ப எங்கிட்டயே காசு புடுங்குறாளான்னு கோவம் வந்துச்சு. அன்னிக்கே கிளம்பினேன், நாலு வார்த்தை கேக்கணும்னு."

"ஏன் அண்ணி வரல?"

நாத்தனார் பிஸ்கட் ஒன்றை எடுத்து ஓரத்தைக் கடித்தாள். "அதை நிறுத்தினா உயிர் வர்றதும் நின்னுடும்ல. ரெண்டு மூணு நாள் வராம இருந்துச்சே, எனக்கு ஒரு வேலையும் ஓடல. ஒருத்தருக்குப் பல்லு புடுங்கற நேரத்தை இன்னொருத்தருக்குக் குடுத்துட்டேன்."

"இப்ப மட்டும் ஏன் வந்தீங்க?"

"இந்த வாரம் விலையை ரெண்டு மடங்கு ஆக்கிட்டான். பாசத்துக்கும் ஒரு அளவு வேணாமா?"

சாம்பிளம்மா சிரித்துவிட்டாள். வரிசையில் பின்னால் நின்ற பெண்மணி எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு குச்சியை நீட்டிவிட்டு, சாம்பிளம்மா மனசில் இருந்ததைச் சொன்னாள். "நீங்க முதல்ல அனுப்புனீங்களே அண்ணி, அந்த ஒரு உயிர். சண்டை போட்ட ரெண்டாவது வாரம். அதை நான் மறக்கவே மாட்டேன்."

நாத்தனார் மெல்லுவதை நிறுத்தினாள். "நானா? நான் எங்க அனுப்பினேன்? நீதானே முதல்ல அனுப்புன. உங்கள் தோழி உங்களை நினைத்து அனுப்பினார்னு எனக்கு வந்துச்சே."

"எனக்கும் அப்படித்தான் வந்துச்சு."

இருவரும் போனைப் பார்த்தார்கள். இருவரையும் ஆட்டத்துக்கு இழுக்க, இரண்டு பக்கமும் பொய் சொல்லி ஓர் உயிரைத் தானே அனுப்பியிருக்கிறது அந்த விளையாட்டு. கல்யாணத் தரகர்கூட இவ்வளவு துணிந்து புளுகமாட்டார்.

"அப்போ நம்மள சேத்து வெச்சது அந்தத் திருட்டுப் பயலா?" என்றாள் சாம்பிளம்மா.

"சேத்து வெச்சான், அப்புறம் அதுக்கு வாடகை கேட்டான்" என்றாள் நாத்தனார். உறையைத் தள்ளி, சாம்பிளம்மாவின் மேலங்கிப் பைக்குள்ளேயே திணித்தாள். "வெச்சுக்க. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. உனக்கு எப்படி இருந்திருக்கும்னு அப்புறம்தான் உறைச்சுது. சொல்ல வாய் வரல, அதான் உயிரா அனுப்பிக்கிட்டிருந்தேன்."

சாம்பிளம்மாவுக்கு மூன்று வருஷமாக நெஞ்சில் கிடந்த கல் ஒன்று சத்தமில்லாமல் இறங்கியது. "நானும் வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம் அண்ணி" என்றாள்.

பிறகு இரண்டு பேரும் தலையைச் சேர்த்து வைத்துக்கொண்டு சந்தாவை நிறுத்த உட்கார்ந்தார்கள், அதாவது நின்றார்கள். சேர ஒரு தொடுதல் போதுமாக இருந்தது. விலகவோ, நிச்சயமாகவா என்று ஒரு பக்கம், ஏன் என்று ஒரு பக்கம், உங்கள் பூக்கள் வாடிவிடும் என்று அழுகிற செடியின் படத்தோடு ஒரு பக்கம், பாதி விலைக்குத் தருகிறோம் என்று இன்னொரு பக்கம். விலகு என்ற சொல் சாம்பல் நிறத்தில் எறும்பு மாதிரி ஒளிந்திருந்தது. நாத்தனார் பல் மருத்துவமனைக் குரலில் போனை அதட்டினாள். "தின்னுட்டுப் போறவனை நான் இத்தனை வாசல் சுத்தவிட்டா, இந்தக் கடையில என்னை அடிச்சே கொன்னுடுவாங்க" என்றாள் சாம்பிளம்மா. கடைசியில் வாத்துக் கணக்கு அந்தப் போனிலிருந்து வெளியேறியது.

நாத்தனார் மூன்றாவது துண்டை எடுத்தாள். அதை விழுங்கிவிட்டுத் தட்டைப் பார்த்தாள். கை நாலாவது துண்டின் குச்சிவரை போய் நின்றது. சாம்பிளம்மா தட்டை அவள் பக்கமாக நகர்த்திவைத்தாள். "ஒருத்தருக்கு ஒண்ணுதான், கடை விதி" என்றாள். "எடுங்க."

நாத்தனார் எடுத்தாள். கூடவே இரண்டு உப்பு பிஸ்கட்டையும் வாயில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துப் போன் மினுக்கியது. சாம்பிளம்மா படித்துக் காட்டினாள்.

"உங்கள் தோழியின் உயிர் தீர்ந்துவிட்டது. இப்போதே சந்தா எடுத்து அவரைக் காப்பாற்றுங்கள். உங்களைத்தான் அண்ணி சொல்றான்."

நாத்தனாருக்கு வாய் நிறைய பிஸ்கட். தொண்டையைத் தடவிக்கொண்டு, "தண்ணி குடு, விக்குது" என்றாள்.

இத்தனை வருஷத்தில் அந்த மேசையில் தண்ணீர் கேட்ட ஒவ்வொருவருக்கும் சாம்பிளம்மா ஒரே பதில்தான் சொல்லியிருக்கிறாள். அடுத்த வரிசையில் பழச்சாறு இருக்கிறது, ஜில்லென்று இருக்கும். இன்றைக்கு அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். குனிந்து, மேசைக்கு அடியில் இருந்த தன் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி நாத்தனார் கையில் கொடுத்தாள்.